ஜிப் பிரியவில்லையா? கட்டளையை விட்டுவிட்டுக் கோப்பைப் பாருங்கள்

ஓட்டப்பிடாரத்தில் ஒரு மாணவர் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் தன் கைவசம் வைத்துக்கொள்ள நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடக்கக்கூடிய காரியம்தான். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் அத்தனையும் எக்ஸ்எம்எல் கோப்பாக, பிஜிப்2 முறையில் சுருக்கப்பட்டு, விக்கிமீடியாவின் டம்ப்ஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கிடைக்கின்றன. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் கோப்பு இறங்குகிறது. நடுவில் சிக்னல் போய்ப் போய் வருகிறது. இறங்கிய கோப்பு பென்டிரைவில் ஏறிக் கோவில்பட்டியில் இருக்கும் நண்பரின் லேப்டாப்புக்குப் போகிறது. அங்கே டெர்மினலில் கட்டளையை அடித்ததும் பிழை. இவ்வளவு கைமாறியதில் எங்கே என்ன நடந்திருந்தாலும், பழி வந்து விழுவது கடைசியாக அடித்த அந்த ஒரு வரியின் மேல்தான். அதைக் கொஞ்சம் மாற்றி மறுபடி அடிக்கிறோம். வேறொரு நிரலை நிறுவுகிறோம். அதிலும் பிழை வருகிறது. இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான்: விரிக்கும்போது தெரியும் பிழை பெரும்பாலும் விரிக்கும் கட்டளையில் பிறந்ததில்லை. கோப்பு வந்த வழியில் பிறந்திருக்கும், இல்லையென்றால் அது போய் உட்கார வேண்டிய இடத்தில். ஆகவே கட்டளையைத் திருத்துவதற்கு முன்னால் கோப்பையும் இடத்தையும் விசாரிக்க வேண்டும். (கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன். தட்டச்சிடும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.)

விசாரணையின் முதல் சாட்சி, திரையில் வந்த செய்தி. அதைப் பெரும்பாலானோர் தலைகீழாகப் படிக்கிறார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் கிடப்பது கடைசி வரி என்பதால் அதையே எடுத்துக் கூகுளில் போட்டுத் தேடுகிறார்கள். டார் நிரல் தோற்று நிற்கும்போது கடைசி வரியில் சொல்வது, முன்னால் வந்த பிழைகளால் தோல்வியுடன் முடிக்கிறேன் என்பதுதான். காரணம் மேலே இருக்கிறது, போய்ப் பார் என்பதற்கு மேல் அந்த வரியில் ஒன்றும் இல்லை. டார்-ஜிஇசட் கோப்பு ஒன்று விரியாதபோது வழக்கமாக மூன்று வரிகள் வரும். உள்ளே வந்தது ஜிஜிப் வடிவத்தில் இல்லை என்பது முதல் வரி. துணை நிரல் பிழை எண் 1 கொடுத்துத் திரும்பிவிட்டது என்பது இரண்டாவது. மீள முடியாத பிழை, நிறுத்துகிறேன் என்பது மூன்றாவது. மூன்றாவதை மட்டும் படித்தவருக்குக் கணினியே கெட்டுவிட்டதோ என்ற பயம் வரும். முதல் வரியைப் படித்தவருக்கு, கோப்பின் பெயர் ஒன்று சொல்கிறது, உள்ளே இருப்பது வேறொன்று என்று புரிந்துவிடும். டார் செய்வது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் வேலை. சுருக்குவதும் விரிப்பதும் ஜிஜிப்பின் வேலை. டார் அதை உதவிக்குக் கூப்பிடுகிறது. எனவே முதல் பிழை வரியின் தொடக்கத்தில் எந்த நிரலின் பெயர் இருக்கிறதோ, அந்த நிரலிடம்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது. வரிகள் நூற்றுக்கணக்கில் ஓடி மறைந்தால், கட்டளையின் கடைசியில் 2 என்ற எண்ணையும் அதை ஒட்டிப் 'பெரியது' குறியையும் ஒரு கோப்புப் பெயரையும் சேர்த்துவிடுங்கள். பிழைச் செய்திகள் மட்டும் தனிக் கோப்பில் போய்ச் சேரும். அதன் தலையிலிருந்து நிதானமாகப் படிக்கலாம். பயமுறுத்தும் எல்லா வரியும் பிழையும் இல்லை. உறுப்பினர் பெயர்களின் முன்னாலிருந்த சாய்கோட்டை நீக்குகிறேன் என்று டார் சொன்னால், அது உங்கள் கணினியின் மூலக் கோப்புறைகளில் கை வைக்காமல் காப்பாற்றுகிறது. கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று வந்தால் கணினிக் கடிகாரம் பின்தங்கியிருக்கலாம். பழைய கணினிகளில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் இப்படி ஆவது வழக்கம்.

அடுத்து, கோப்பு தன்னைப் பற்றிச் சொல்வது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். பெயரின் வாலில் ஜிப் என்று இருப்பதால் ஒரு கோப்பு ஜிப் ஆகிவிடாது. ஃபைல் என்ற கட்டளை கோப்பின் பெயரைக் கண்டுகொள்ளாமல் அதன் முதல் சில பைட்டுகளைப் பார்த்து வகை சொல்லும். ஜிப் கோப்பு பி, கே என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும்; 1989இல் அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. ஜிஜிப்புக்கும் பிஜிப்2வுக்கும் இதேபோல் தனித்தனித் தொடக்க முத்திரை உண்டு. ஃபைல் கட்டளை இது ஹெச்டிஎம்எல் ஆவணம் என்று சொன்னால், உங்களிடம் இருப்பது கோப்பே இல்லை. உள்நுழையச் சொல்லும் பக்கமோ, இணைப்பு காலாவதியாகிவிட்டது என்ற அறிவிப்போ ஜிப் என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறது. பல நூறு எம்பி இருக்க வேண்டிய கோப்பு சில கேபியில் முடிந்திருப்பதே அதற்கு முதல் அடையாளம். இதற்கு எதிரான நிலையும் உண்டு: வழியில் உலாவியோ சர்வரோ சுருக்கத்தை அவிழ்த்துவிட்டு, பெயரை மட்டும் பழையபடி விட்டிருக்கும். அப்போது ஃபைல் கட்டளை இது வெறும் டார் என்று சொல்லும். ஜிஜிப்பை அழைக்காமல் டாரை மட்டும் ஓட்டினால் விரிந்துவிடும். இன்னொரு குழப்பமும் இங்கேயே தீர்க்கத் தக்கது. விண்டோஸ் 10இல் 2018 முதல் டார் உள்ளேயே வருகிறது, அது ஜிப்பையும் விரிக்கும். லினக்ஸில் இருக்கும் குனு டாருக்கு ஜிப் தெரியாது. ஒரே பெயர், இரண்டு வேறு நிரல்கள். நண்பர் கணினியில் ஓடிய கட்டளை உங்கள் கணினியில் ஓடாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கோப்பு சரியான வகைதான் என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டியது, அது முழுசாக வந்ததா என்பது. கரிசல் நாட்டுக்காரருக்குப் பருத்தி பேல் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அழுத்திக் கட்டிய பேல் ஒன்று 170 கிலோ என்பது கணக்கு. பஞ்சு குறைந்த பேலைக் கண்டுபிடிக்க யாரும் பட்டையை வெட்டிப் பார்ப்பதில்லை, எடைபோட்டாலே தெரிந்துவிடும். கோப்புக்கும் எடை உண்டு. எல்எஸ் கட்டளையில் நீள வடிவம் கேட்டால் பைட் கணக்கு வரும். அதைப் பதிவிறக்கப் பக்கத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். அளவு சரியாக இருந்தாலும் உள்ளே ஒரு பைட் மாறியிருக்கலாம். அதைப் பிடிப்பதற்குத்தான் செக்சம். விக்கிமீடியா தன் டம்ப் கோப்புகளோடு எம்டி5, ஷா1 கணக்குகளைத் தனிக் கோப்புகளில் வெளியிடுகிறது. உங்கள் கணினியில் ஷா1சம் கட்டளை தரும் நீண்ட சரமும் அங்கே இருப்பதும் ஒன்றானால் கோப்பு பைட்டுக்குப் பைட் வந்துசேர்ந்திருக்கிறது. இதில் எளிதில் கண்ணில் படாத ஒரு பொறி இருக்கிறது. சிக்னல் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர டபிள்யூகெட் நிரலில் வசதி உண்டு. டேட்டா கணக்குப் பார்ப்பவர்கள் எல்லோரும் பயன்படுத்த வேண்டிய வசதி. ஆனால் 'லேட்டஸ்ட்' என்ற பெயருள்ள இணைப்பில் அதைச் செய்தால், முதல் பாதி பழைய வெளியீட்டிலிருந்தும் மறுபாதி புதிய வெளியீட்டிலிருந்தும் வந்து ஒட்டிக்கொள்ளும். அளவு புதிய கோப்பின் அளவோடு அச்சாகப் பொருந்தும், கோப்பு மட்டும் விரியாது. தேதி போட்ட இணைப்பிலிருந்தே எடுங்கள். பென்டிரைவ் வழியில் வந்த கோப்புக்கும் இதே சோதனை வேண்டும்: பதிவு முடிவதற்குள், எஜெக்ட் கொடுக்காமல் உருவிய பென்டிரைவில் கோப்பின் வால் காணாமல் போகலாம். இறக்கிய கணினியிலும் வந்துசேர்ந்த கணினியிலும் செக்சம் பார்த்தால், கோளாறு ஓட்டப்பிடாரத்தில் நடந்ததா, வழியில் நடந்ததா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வால் அறுந்த கோப்பு ஒவ்வொரு வடிவத்திலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். அந்த வித்தியாசம் தெரிந்தால் பிழைச் செய்தியின் பாதிக் கலக்கம் போய்விடும். ஜிப் கோப்பில் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில் இருக்கிறது. ஆகவே தொண்ணூறு சதவீதம் வந்த ஜிப்பைக் கொடுத்தாலும் அன்ஜிப், பட்டியலின் முடிவு முத்திரையைக் காணோம், இது ஜிப் கோப்பே இல்லை போலிருக்கிறது என்று கையை விரித்துவிடும். உள்ளே தரவு பத்திரமாகத்தான் இருக்கும். தேடிப் போகும் முகவரிப் பட்டியல்தான் வரவில்லை. டார்-ஜிஇசட் அப்படியில்லை. முதலிலிருந்து வரிசையாகப் படிக்கும். அறுந்த இடம் வரை கோப்புகளைக் கொடுத்துவிட்டு, எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று சொல்லும். இது வசதிபோலத் தோன்றினாலும் ஆபத்து இதில்தான் அதிகம். கோப்புறையில் நூற்றுக்கணக்கான கோப்புகளைப் பார்த்தவர் வேலை முடிந்தது என்று எழுந்துபோவார். கடைசிக் கோப்பு பாதியில் நிற்பதும், அதற்குப் பிந்தியவை வராததும் பல மாதம் கழித்துத்தான் தெரியவரும். பிஜிப்2 தரவைக் கட்டம் கட்டமாகச் சுருக்குகிறது. ஒரு கட்டத்துக்கு அதிகபட்சம் 900 கேபி மூலத் தரவு. அறுந்தால் கோப்பு நடுவில் முடிந்துவிட்டது, கெட்டிருக்கலாம் என்று சொல்லி, மீட்கும் நிரலின் பெயரையும் தானே சொல்லிக்கொடுக்கும். பிழையே வராமல் குறைந்துபோகும் நிலையும் உண்டு. விக்கிமீடியாவின் 'மல்டிஸ்ட்ரீம்' டம்ப், பல பிஜிப்2 ஓடைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியது. பிஜிப்2 நிரல் அதைச் சரியாக முழுதும் விரிக்கும். முதல் ஓடை முடிந்ததும் கோப்பு முடிந்தது என்று நினைக்கும் நிரல்களும் உண்டு. பைத்தானின் பிஜிப்2 தொகுதி 3.3 பதிப்புக்கு முன்னால் அப்படித்தான் இருந்தது.

இவ்வளவு சோதனை எதற்கு, மறுபடி ஒருமுறை இறக்கிவிட்டால் வேலை முடிந்ததே என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சின்னக் கோப்பு என்றால் அதுவே சரியான வழி. பெரிய கோப்பில் கணக்கு மாறுகிறது. தினசரி டேட்டா வரம்புள்ள ப்ரீபெய்டு திட்டத்தில் ஒரு நாள் டேட்டாவைச் செலவழித்துக் கோப்பை மறுபடி இறக்கிய பிறகு, வட்டில் இடம் இல்லாததுதான் உண்மையான காரணம் என்று தெரிந்தால் அந்த டேட்டாவும் அந்த நாளும் வீண். சர்வரில் இருக்கும் கோப்பே கெட்டிருந்தால் எத்தனை முறை இறக்கினாலும் அதே கெட்ட கோப்புத்தான் வரும். செக்சம் ஒன்றுதான் இதை உறுதிப்படுத்தும். எல்லோரும் செக்சம் வெளியிடுவதில்லையே என்பது அடுத்த கேள்வி. உண்மை, தமிழில் கோப்பு பகிரும் பல இடங்களில் அது இல்லை. அந்தக் குறைக்கு ஓரளவு மாற்று சுருக்கிய கோப்புக்குள்ளேயே இருக்கிறது. ஜிஜிப் கோப்பின் கடைசி எட்டு பைட்டுகளில் நான்கு சிஆர்சி என்னும் சரிபார்ப்பு எண். மற்ற நான்கு, விரித்த பின் இருக்க வேண்டிய அளவு. ஜிப்பில் உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தனி சிஆர்சி உண்டு. ஜிஜிப், பிஜிப்2, எக்ஸ்இசட் மூன்றிலும் இரட்டைக் கோடு போட்டு டெஸ்ட் என்ற சொல்லைச் சேர்த்தால், அன்ஜிப்பில் அந்தச் சொல்லின் முதலெழுத்தை ஒற்றைக் கோட்டோடு சேர்த்தால், எதையும் வட்டில் எழுதாமல் முழுக் கோப்பையும் படித்துச் சோதித்துச் சொல்லும். ஆனால் சுருக்காத வெறும் டாரை இந்த வகையில் நம்ப வேண்டாம். அதில் ஒவ்வொரு கோப்பின் தலைப்புக்கு மட்டுமே சரிபார்ப்பு எண் உண்டு, உள்ளடக்கத்துக்கு இல்லை. நடுவில் பைட்டுகள் மாறிப்போன டார் ஒரு முனகலும் இல்லாமல் விரிந்து, கெட்ட கோப்பைக் கையில் கொடுக்கும்.

கட்டளை வரி திறக்க மறுத்த கோப்பை ஜன்னல் வைத்த மென்பொருள் திறந்துவிட்டது, ஆகவே கட்டளைதான் மோசம் என்று சிலர் வாதிடுவார்கள். சில நேரம் அது உண்மை. ஏஇஎஸ் முறையில் கடவுச்சொல் போட்ட ஜிப்பை அன்ஜிப் 6.0 விரிக்காது, 5.1 வகை தேவை, என்னால் 4.6 வரைதான் முடியும் என்று எண்ணைச் சொல்லித் தாண்டிவிடும். இங்கே கோப்பும் நன்றாகவே இருக்கிறது, கடவுச்சொல்லும் சரி. 7-ஜிப்பைக் கொண்டு விரித்தால் தீர்ந்தது. மற்ற நேரங்களில் ஜன்னல் மென்பொருள் திறந்தது என்பதற்குக் கிடைத்த மட்டும் கொடுத்தது என்றுதான் பொருள். எத்தனை கோப்பு இருந்தது, எத்தனை வந்தது என்பதை அது முகத்துக்கு நேராகச் சொல்லாது. லினக்ஸில் பலர் பயன்படுத்தும் ஃபைல் ரோலர் போன்றவை பல வடிவங்களுக்குப் பின்னணியில் இந்தக் கட்டளை வரி நிரல்களையே கூப்பிடுகின்றன. செய்தியை மறைப்பது மட்டும்தான் அங்கே கூடுதல் சேவை.

இனி போய்ச் சேரும் இடம். வட்டில் இடம் இல்லை என்ற செய்தி வந்தால் டிஎஃப் கட்டளையில் மீதியைப் பாருங்கள். எக்ஸ்எம்எல் போன்ற எழுத்துக் கோப்பு விரியும்போது பல மடங்கு பெருகும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவர் குறைவு. எவ்வளவு பெருகும் என்பதை ஜிப்பில் பட்டியல் கேட்டே தெரிந்துகொள்ளலாம். ஜிஜிப்பும் சொல்லும், ஆனால் அளவை நான்கு பைட்டில் அடக்கி வைப்பதால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்புக்கு அந்தப் பதிவு பொய் சொல்லும். பிஜிப்2 மொத்த அளவைப் பதிவதே இல்லை. இடம் போதாத லேப்டாப்பில் விக்கிப்பீடியாவை விரித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிஇசட்கேட் கட்டளை விரித்த எழுத்தை நேரே அடுத்த நிரலுக்கு ஊட்டும். கரிசல் என்ற சொல் வரும் வரிகளை மட்டும் கிரெப் கொண்டு பிடித்தெடுக்க அந்த எக்ஸ்எம்எல் முழுதும் வட்டில் உட்கார வேண்டியதில்லை. டிஎஃப் தாராளமாக இடம் காட்டியும் இடமில்லை என்று வந்தால், இனோட் எனப்படும் கோப்புப் பதிவுகளின் எண்ணிக்கை தீர்ந்திருக்கலாம். ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் உள்ள கட்டில் இது நடக்கும். டிஎஃப்புடன் ஐ என்ற எழுத்தைச் சேர்த்தால் அந்தக் கணக்கு தெரியும். கோப்பு மிகப் பெரியது என்ற செய்தி பென்டிரைவில் விரிக்கும்போது வந்தால், அது ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவாக இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. 32 ஜிபி காலியாக இருந்தாலும் இதேதான். அனுமதி இல்லை என்று வந்தால் சூடோ போடுங்கள் என்பது ஊர் அறிவுரை. போட்டால் பிழை மறையும் என்பது மெய்தான். ஆனால் ரூட் பயனராக ஓடும் டார், கட்டியவரின் கணினியில் இருந்த உரிமையாளர் விவரத்தையும் அனுமதிகளையும் அப்படியே உங்கள் வட்டில் பதிக்க முயலும். பிறகு உங்கள் கோப்பை நீங்களே திருத்த முடியாமல் அதற்கும் ஒரு சூடோ தேட வேண்டிவரும். உங்கள் சொந்தக் கோப்புறையில் புதிதாக ஒன்றை உருவாக்கி அதற்குள் விரிப்பது போதும்.

இடம் தொடர்பான பிழைகளில் தமிழில் பெயர் வைப்பவர்கள் சந்திப்பது ஒன்று இருக்கிறது. ஆங்கில வழிகாட்டிகளில் அது எளிதில் கிடைக்காது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 1872இல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனாரின் நூல்களையும் அவரைப் பற்றிய கட்டுரைகளையும் ஒருவர் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கோப்புக்கும் தலைப்பு, ஆண்டு, பதிப்பகம், ஊர் என்று எல்லாவற்றையும் தமிழிலேயே பெயராக வைத்து ஜிப் செய்கிறார் என்று கொள்வோம். விண்டோஸில் நன்றாக இருக்கிறது. லினக்ஸில் விரித்தால் கோப்பின் பெயர் மிக நீளம் என்று பிழை. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைகளில் ஒரு பெயருக்கு 255 பைட்டுதான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். ஓட்டப்பிடாரம் நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினிக்கு 13 குறியீடு, 39 பைட். ஊர்ப்பெயரை மட்டும் ஏழு முறை எழுதினாலே 273 ஆகி வரம்பு தாண்டிவிடும். மொத்தம் 85 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் ஒரு பெயரில் அடங்காது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையோ பைட்டை எண்ணாமல் யூடிஎஃப்-16 அலகை எண்ணுகிறது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் ஓர் அலகுதான் என்பதால் 255 வரை போகலாம். ஆக இரண்டு கணினியிலும் பழுதில்லை, ஜிப்பிலும் பழுதில்லை. டார் கட்டாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்ம் என்ற விருப்பத்தால் விரிக்கும்போதே பெயரைக் குறுக்கலாம். ஜிப் என்றால் அன்ஜிப்பிடம் அந்த ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை மட்டும் வெளியே ஊற்றச் சொல்லி, நீங்கள் வைக்கும் சிறு பெயருக்குத் திருப்பிவிடலாம்.

கோவில்பட்டி என்ற பெயருக்கு ஓட்டப்பிடாரத்துக்கு இல்லாத இன்னொரு சங்கடம் உண்டு. 'கோ'வில் இருக்கும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு ஒன்று கால் ஒன்று எனப் பிரித்து இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே வைத்துக்கொள்ளும். விண்டோஸும் லினக்ஸும் தட்டச்சிட்டபடி வைத்துக்கொள்ளும். அத்தகைய மேக்கில் கட்டிய ஜிப்பை லினக்ஸில் விரித்தால் கோவில்பட்டி என்ற கோப்பு கண்ணெதிரே இருக்கும். அதே பெயரை நீங்கள் அடித்துத் தேடினால் அப்படியொரு கோப்பு இல்லை என்று வரும். உங்களுடையது 33 பைட், அங்கே இருப்பது 36 பைட். கான்வ்எம்வி என்ற நிரல் இத்தகைய பெயர்களை மொத்தமாகச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றித் தரும். 'ஓ' என்ற தனி உயிரெழுத்துக்கு இப்படிப் பிரிந்த வடிவம் இல்லாததால் ஓட்டப்பிடாரம் தப்பித்தது.

பெயர்கள் குப்பை எழுத்துகளாக வருவது தமிழ்ப் பெயர்ச் சிக்கல்களில் மூன்றாவது வகை. ஜிப் வடிவத்தில் பெயர் யூடிஎஃப்-8இல் இருக்கிறது என்று அறிவிக்க ஒரு கொடி இருக்கிறது. 2006இல்தான் அது வரையறைக்குள் வந்தது. பெயரை யூடிஎஃப்-8இல் எழுதிவிட்டுக் கொடியை ஏற்றாமல் விடும் நிரல்கள் உண்டு. அப்போது விரிக்கும் நிரல் அதைப் பழைய ஐபிஎம் குறியீட்டு அட்டவணையைக் கொண்டு படிக்கும். தமிழ்ப் பெயருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் குப்பையின் சாயலை வைத்தே சொல்லிவிடலாம். தமிழ்க் குறியீடு எதுவானாலும் முதல் பைட் ஒன்றேதான். இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. ஆகவே கிரேக்க ஆல்ஃபாவும் பிரெஞ்சுக்காரர்களின் கோண மேற்கோளும் மூன்றாவது இடமெல்லாம் திரும்பத் திரும்ப வந்தால் அது ஐபிஎம் அட்டவணையின் வேலை. தலையில் சாய்கோடு போட்ட ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் திரும்பத் திரும்ப வந்தால், விண்டோஸின் மேற்கு ஐரோப்பிய அட்டவணையின் வேலை. இரண்டிலும் பைட்டுகள் அப்படியே இருக்கின்றன. அன்ஆர் என்ற நிரலில் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லி விரித்தால் தமிழ் திரும்பிவிடும். பெயர் முழுதும் கேள்விக்குறிகளாக வந்தால், பெரும்பாலும் கட்டியபோதே பெயர் தொலைந்துவிட்டது. எந்த நிரலாலும் மீட்க முடியாது, அனுப்பியவரிடம்தான் கேட்க வேண்டும். பெயர் நன்றாக இருந்து, உள்ளே எழுத்து குழம்பியிருந்தால் அது விரிப்புப் பிழையே இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்களைப் போல டிஸ்கி குறியாக்கத்தில் உள்ள கோப்பாக இருக்கலாம். ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும்.

தமிழில் பெயர் வைப்பதால்தானே இத்தனை தொல்லை, ஆங்கிலத்தில் வைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம். ஆனால் ஓட்டப்பிடாரத்தை ஆங்கிலத்தில் ஒற்றைப் பகரம் போட்டும் எழுதுகிறார்கள், இரட்டைப் பகரம் போட்டும் எழுதுகிறார்கள். கோவில்பட்டியை வகரம் வைத்தும் விட்டும் எழுதுகிறார்கள். ஆயிரம் கோப்புள்ள தொகுப்பில் ஓர் ஊரின் கோப்புகள் இரண்டு மூன்று இடமாகச் சிதறினால், விரிப்புப் பிழையைத் தவிர்த்துவிட்டுத் தேடல் பிழையை வாங்கிக்கொண்டதாகிவிடும். குறுகிய தமிழ்ப் பெயர் வைத்து, மற்ற விவரத்தைத் தனிப் பட்டியல் கோப்பில் எழுதுவதே என் கணிப்பில் நல்ல வழி.

இவ்வளவும் பார்த்த பிறகு, கோப்பு உண்மையாகவே கெட்டிருக்கிறது, வேறு பிரதியும் கிடைக்காது என்றால்தான் மீட்பு நிரல்களைத் தொட வேண்டும். முதலில் கெட்ட கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். வால் அறுந்த ஜிப்புக்கு, ஜிப் நிரலிலேயே பெரிய எஃப் எழுத்தை இரண்டு முறை போட்டால், அது கோப்பை முதலிலிருந்து துழாவி, கிடைத்த கோப்புகளுக்குப் புதுப் பட்டியல் கட்டி வேறொரு ஜிப்பாகத் தரும். பிஜிப்2வுக்கு பிஜிப்2ரெகவர் உண்டு. ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் கணிதத்தின் பை எண், பன்னிரண்டு இலக்கங்களுக்கு முழுமையாக்கிய வடிவில், முத்திரையாக இருக்கிறது. அந்த முத்திரையைத் தேடித் தேடி நல்ல கட்டங்களை அது தனித்தனிக் கோப்பாகப் பிரித்துத் தரும். ஜிஜிப்பில் அப்படி முத்திரை எதுவும் கிடையாது. நடுவில் கெட்டால் அதற்குப் பிந்தியது பெரும்பாலும் போனதுதான். நெடுங்காலம் வைத்திருக்க வேண்டிய தொகுப்பை ஒரே பெரிய டார்-ஜிஇசட்டாகக் கட்டுவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

அடுத்தவருக்குக் கோப்பு அனுப்பும் இடத்தில் நீங்கள் இருக்கும்போது, அனுப்பும் முன் டெஸ்ட் விருப்பத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெயர்களைச் சுருக்கமாக வையுங்கள். ஷா256சம் கட்டளை தரும் ஒற்றை வரியை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கோப்போடு சேர்த்து அனுப்புங்கள்.